வத்தேகமவில் ஓடிய ரீல் நாடா

காலை ஆறரைக்குக் கொழும்பில் கண்டி பஸ் ஏறினோம். ஆளுக்கு அறுபது ரூபாய். கூட வந்தவன் சிவநேசன்; வெள்ளவத்தையில் என் அறைத் தோழன், வங்கியில் வேலை. பழைய ரீல் ரெக்கோடர் என்றால் சாப்பாட்டையும் மறந்துவிடுவான். சீடி வந்த பிறகு எல்லாரும் தூக்கிப்போட்ட அந்தப் பெரிய வட்ட நாடாக்களைச் சிலர் கண்டிப் பக்கம் மறுபடி தேடித் தேடி வாங்குவதாகக் கேள்விப்பட்டிருந்தோம். உண்மைதானா என்று பார்க்கவே இந்தப் பயணம்.

சிவா பேராதனையில் வளர்ந்தவன். எண்பத்து மூன்று கலவரத்தில் வீட்டை விட்டு ஓடிய குடும்பம். அதன் பிறகு அவன் கண்டிக்குத் திரும்பியதே இல்லை. வழியில் இரண்டு இடங்களில் இராணுவத்தினர் எங்களை இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள்.

கண்டியில் பஸ் மாறி, முற்பகலில் வத்தேகம போய்ச் சேர்ந்தோம். நாங்கள் தேடிப்போன பாரூக் நானா கராம்பு, ஏலக்காய் வியாபாரி. அவர் வீட்டு முன்னறையில் மூன்று ரெக்கோடர்கள், அலுமாரி நிறைய ரீல்கள்.

"ரீல் திரும்ப வந்திட்டுதா நானா?" என்று கேட்டேன்.

"வராம? கண்டியில மட்டும் ஆறு பேர் இரிக்கோம். சீடியில எல்லாம் துப்புரவா கேக்கும், ஆனா பாடுறவர் பக்கத்துல நிக்க மாட்டார். இதுல நிப்பார்" என்று சிரித்தார். புது நாடா கிடைப்பதில்லை. பழைய சாமான் கடைகளில் பெட்டியோடு வாங்கி, அழித்துவிட்டு மேலே பாட்டுப் பதிவார்களாம். "இது நேத்து வாங்கினது. அழிக்க முந்தி நாடா நல்லமா எண்டு பாப்போம்" என்று ஒன்றை ஓடவிட்டார்.

நாடாவில் ஒரு சிறுமி பள்ளிக்கூடத் தமிழ்த் தினப் போட்டிப் பேச்சை ஒப்புவித்தாள். சிவா கதிரையை விட்டு எழுந்தான்.

"மச்சான், இது வாசுகி. என்ர தங்கச்சி."

பேச்சு பாதியில் நின்றது. தூரத்தில் கூச்சல். "எல்லாத்தையும் விடுங்கோ, பின்பக்கத்தால ஓடுங்கோ!" என்று ஓர் ஆண் குரல்.

"அப்பா" என்றான் சிவா.

அதன் பிறகு வெறும் வீட்டின் இரைச்சல். அவசரத்தில் ரெக்கோடரை யாரும் நிறுத்தவில்லை. கேற் தட்டும் சத்தம். ஒருவர் சிங்களத்தில் கெஞ்சினார்: "உள்ளே யாரும் இல்லை. காலை ரயிலில் போய்விட்டார்கள். பின்பக்கம் போகாதீர்கள், நான் சொல்கிறேன்." அடி விழுந்தது. அவர் அலறினார். கண்ணாடிகள் உடைந்தன. பிளக்கைப் பிடுங்கியிருப்பார்கள்; குரல்கள் கீச்சென்று உயர்ந்து அறுந்தன.

சிவா சுற்றும் ரீலைப் பார்த்தபடியே சொன்னான்:

"பக்கத்து வீட்டுப் பண்டார அங்கிள். ஓடேக்க வேலியால திரும்பிப் பாத்தம், கேற்றில காடையரோட நிண்டார். அவர்தான் அவங்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர் எண்டு நினைச்சம். அப்பா அப்பிடியே நினைச்சு, அவற்ர பேரைச் சொல்லித் திட்டித் திட்டியே செத்துப் போனார்."

பாரூக் நானா நாடாவைத் தொடப் பயந்தவர் போலக் கையை இழுத்துக்கொண்டார். "அல்லாஹ்! நான் எத்தனைய கேக்காமலே அழிச்சேன்..."

அவரே வேனில் எங்களைப் பேராதனைக்கு ஏற்றிப்போனார். சிவாவின் வீடு இருந்த காணியில் யாரோ புது மாடிவீடு கட்டியிருந்தார்கள். பக்கத்து வீடு அப்படியே இருந்தது. பண்டார முன்வாசலில் கதிரையில் இருந்தார். இடது கை முழங்கையில் முறிந்து கோணலாகப் பொருந்தியிருந்தது. சிவா பெயரைச் சொன்னதும் எழும்ப முயன்றார். முடியவில்லை.

"அன்றைக்கு எல்லாரும் தப்பினீர்களா?" சிங்களத்தில் அதைத்தான் முதலில் கேட்டார். "ஒரு கடிதமும் வரவில்லை. செத்துவிட்டீர்கள் என்றே நினைத்தேன்."

"எல்லாரும் தப்பினோம், அங்கிள்."

"அப்பா?"

"போன வருடம் காலமானார்." சிவா அந்தக் கோணல் கையைப் பிடித்துக்கொண்டான். "கடைசிவரைக்கும் உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்."

கிழவர் வாய்விட்டு அழுதார். திரும்பும் பஸ் கடுகண்ணாவையைத் தாண்டியது. சிவா மெதுவாகக் கேட்டான்: "நான் பொய் சொல்லேல்லைத்தானே, மச்சான்?"