பெர்னீஸின் பச்சைக் கார்

தோர்வால் நீகார்ட் வாழ்நாள் முழுக்கக் குளிரோடு வேலை பார்த்தவர். எங்கள் ஊரில், பனிமீது கல்லைத் தள்ளி ஆடும் கர்லிங் விளையாட்டு அரங்கின் பனித்தரை அவர் பொறுப்பில் இருந்தது. தண்ணீர் தெளித்து, உறையவிட்டு, சுரண்டி, மறுபடி தெளித்து, தள்ளிவிட்ட கல் முனகாமல் வழுக்கிப் போகும்படி வைத்திருப்பார். வெளிச் செருப்போடு யாராவது தரையில் கால் வைத்தால் அரங்கமே அதிரக் கத்துவார். கத்துவது அவருக்குச் சுலபம். மன்னிப்புக் கேட்க வராது. கனடாவின் சஸ்காட்செவானில் எங்கள் பக்கத்து ஆண்கள் பலர் அப்படித்தான்.

கல்யாணமான புதிதில் மனைவி பெர்னீஸுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். பழைய டிரக். கிளட்சை விடும்போதெல்லாம் என்ஜின் அணைந்துபோனது. கோதுமை வயல்களுக்கு நடுவே, சரளைக்கல் சாலையில் வைத்து அவர் கத்திய கத்தலில் பெர்னீஸ் கீழே இறங்கி, சாவியை அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டு வீடுவரை நடந்தே போனாள். அடுத்த வாரம் வாசலில் நீளமான பச்சைக் கார் ஒன்று நின்றது. ஆட்டோமேட்டிக் கியர்.

"இதுல கிளட்ச் கெடையாது," என்றார் தோர்வால். அவ்வளவுதான் சொன்னார்.

பெர்னீஸ் அந்தக் காரில்தான் தேவாலயப் பாட்டுக்குழுவுக்குப் போனாள், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டாள். பிள்ளைகள் வளர்ந்து கால்கரி நகரத்துக்கும் அதற்கு அப்பாலும் போனார்கள். கார் இருந்தது. பிறகு அவளுக்கு மறதி வந்தது. அடுப்பை அணைக்க மறந்தாள், பிறகு அடுப்பு எதற்கு என்பதையே மறந்தாள். பக்கத்து ஊரில் நான் வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் தோர்வால் அவளைச் சேர்த்தார்.

தினமும் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். சாப்பாட்டுக்கூடத்து ஜன்னலுக்குப் பக்கத்தில் அவளை உட்காரவைத்திருப்பேன். பச்சைக் கார் திரும்பி உள்ளே வந்ததும், "தோர் வந்துட்டாரு," என்று பாவாடையை நீவிவிட்டுக்கொள்வாள். அதற்குள் அவர் முகம் அவளுக்கு முக்கால்வாசி அழிந்துவிட்டது. கார் வந்திருக்கிறது, ஆகையால் எதிரே உட்கார்ந்திருப்பவர் தோர். அப்படித்தான் அவள் கணக்கு ஓடியது. நாங்கள் ஊட்டினால் உதட்டை மூடிக்கொள்பவள் அவர் ஊட்டினால் கிண்ணத்தைக் காலி செய்வாள். அவள் எடை குறையாமல் இருந்ததற்கு அந்தக் கார்தான் காரணம் என்று தலைமை நர்ஸிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

தோர்வாலுக்கும் அது தெரியும். அதனால் காரைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டார். இரவில் என்ஜின் உறையாமலிருக்க மின்சாரச் சூட்டுக் கம்பியைச் சொருகிவைப்பார். காலையில் என்ஜினைப் போட்டு, கியரை ‘பார்க்’ நிலையில் வைத்து, அரைமணி நேரம் ஓடவிடுவார். ஊரில் எல்லோரும் செய்வதுதான்.

ஒரு டிசம்பரில் என் காரின் பேட்டரியை மாற்ற மெக்கானிக் நெஸ்டரின் பட்டறைக்குப் போயிருந்தேன். தோர்வாலும் வந்திருந்தார்.

"டிரைவ்ல போட்டா உடனே நகர மாட்டேங்குது நெஸ்டர். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுத்தான் கெளம்புது."

"வயசானா எல்லாரும் அப்படித்தாண்ணே. நீங்க மட்டும் கூப்பிட்ட உடனே எந்திரிச்சிடறீங்களா?"

"வாயை மூடிட்டு வேலையப் பாருடா."

நெஸ்டர் கியர் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, துணியில் துடைத்து, மூக்கருகே கொண்டுபோனான். சிரிப்பு நின்றுவிட்டது. கம்பியை என் பக்கமும் நீட்டினான். அடிபிடித்த பாத்திரத்தின் வாசனை. சிவப்பாக இருக்க வேண்டிய கியர் ஆயில் கறுத்திருந்தது.

"காலையில எப்படிண்ணே சூடு பண்றீங்க?"

"பார்க்குல போட்டு அரைமணி நேரம். ஒருநாள் விட்டதில்ல."

"என்ஜின் சூடாகும். ஆனா இந்த மாடல்ல பார்க்குல வெச்சா கியர் பெட்டிக்குள்ள ஆயில் சுத்தாது. தேன் மாதிரி உறைஞ்சு கெடக்கும். அதோட நீங்க ஆக்சிலேட்டரை மிதிச்சா உள்ள தகடெல்லாம் வெறுமனே உரசிக் கருகிப்போகும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுட்டு நியூட்ரல்ல ஓடவிடணும்."

"ஹேண்ட் பிரேக்கா? இந்தக் குளிர்லயா? பைத்தியமா உனக்கு?"

அவர் கேட்டதில் தப்பில்லை. எங்கள் ஊரில் குளிர்காலத்தில் ஹேண்ட் பிரேக்கை யாரும் தொடுவதில்லை. கம்பி உறைந்து சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். வசந்தம்வரை விடாது என்று கேலி பேசுவோம்.

"அப்ப சக்கரத்துக்கு ரெண்டு கட்டையை அணை குடுங்க. இதை யாரும் உங்களுக்குச் சொல்லலியா?"

"நான் யாரையும் கேக்கல," என்றார் தோர்வால். கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினார். "நல்லா பாத்துக்கறதாத்தான் நெனச்சிட்டிருந்தேன்."

அதன்பிறகு ஒழுங்காகக் கட்டை வைத்தார், நியூட்ரலில் விட்டார். ஆயிலையும் மாற்றினார்கள். ஆனால் கருகிய தகடு கருகியதுதான். ஜனவரியில் கடுங்குளிர் பிடித்த வாரத்தில், ஒரு காலை கார் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. என்ஜின் மட்டும் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டிக்கு உதிரி பாகம் எங்கும் கிடைக்காது என்று நெஸ்டர் கைவிரித்துவிட்டு, தன் நீல டிரக்கைக் கொடுத்து அனுப்பினான்.

அன்று பெர்னீஸ் ஜன்னலைவிட்டுத் திரும்பவில்லை. நீல டிரக் வந்ததைப் பார்த்தாள். அது அவளுக்கு யாருடைய வண்டியோ. எதிரே வந்து உட்கார்ந்தவர் யாரோ.

"பெர்னீஸ், சூப் ஆறுது. நான்தான்."

"என் வீட்டுக்காரர் வரட்டும். அவர் வராம நான் சாப்பிடறதில்ல."

மூன்று நாள் இப்படிப் போனது. நான்காம் நாள் தோர்வால் ஒரு காரியம் செய்தார். நெஸ்டரை வைத்துப் பச்சைக் காரை இழுத்துக்கொண்டு வந்து, சரியாக அவள் ஜன்னலுக்கு எதிரே நிறுத்தினார். யாரிடமும் கேட்கவில்லை. பெர்னீஸ் பாவாடையை நீவிக்கொண்டாள், சாப்பிட்டாள். தோர்வால் என்னைப் பார்த்த பார்வையில் பனித்தரையைச் சரியாகப் போட்டு முடித்தவரின் நிறைவு இருந்தது.

அவர் டிரக்கில் வீடு திரும்பிவிட்டார். கார் அங்கேயே நின்றது.

எங்களுக்குத் தலைவலி சாயங்காலம் தொடங்கியது. "தோர் எங்க? கார் நிக்குதே, உள்ளதானே இருக்கணும்?" அறை அறையாகத் தேடினாள். குளியலறைக் கதவுகளைத் தட்டினாள். முன்பு காத்திருந்தாள், காத்திருப்பதில் அவளுக்கு அமைதி இருந்தது. இப்போது அவள் கணக்கில் அவர் வந்துவிட்டார், ஆனால் அவளிடம் வரவில்லை. மறுநாள் காலை வீட்டுச் செருப்போடு வெளிக்கதவைத் தள்ளித் திறந்துவிட்டாள். வெளியே மைனஸ் முப்பத்தைந்து. கதவின் எச்சரிக்கை மணி அடித்ததால் வாசற்படியிலேயே பிடித்தேன்.

தோர்வால் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். பூசி மெழுகவில்லை.

"காரை எடுத்துடுங்க. இன்னொரு தடவை நான் பக்கத்துல இல்லாமப் போகலாம்."

"எடுத்துட்டா என்னைத் தெரியாது ஐரின்."

"தெரியாதுதான். ஆனா உசுரோட இருப்பாங்க."

அவர் நெஸ்டருக்குப் போன் செய்தார். பெர்னீஸை நான் பின்பக்க அறைக்குக் கூட்டிப்போய்த் துணி மடிக்க வைத்தேன். திரும்பி வந்தபோது கார் நின்ற இடத்தில் பனி மட்டும் நீள்சதுரமாகத் தாழ்ந்திருந்தது.

தோர்வால் வருவதை நிறுத்தவில்லை. பனி உருகும் காலத்துக்குள் பெர்னீஸ் அவர் கையால் மறுபடி சாப்பிடத் தொடங்கினாள், கணவராக அல்ல, தினமும் வரும் நல்ல மனிதராக. ஒருநாள் பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க பொறுமையா ஊட்டறீங்க," என்றாள் அவரிடம். "என் வீட்டுக்காரர் கோவக்காரர். ஒரு தடவை நடுரோட்டுல வெச்சு என் மேல கத்திட்டாரு."

ஸ்பூன் நின்றது. "அப்புறம்?"

"கார் வாங்கிக் குடுத்தாரு. பச்சைக் கார். மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்தை சொல்லல."

"சொல்லணும்னு நெனச்சிருப்பாரு. அவரு சார்பா நான் கேட்டுக்கறேன்."

"நீங்க ஏன் கேக்கணும்?" பெர்னீஸ் சிரித்தாள். "அவரே வந்து கேக்கட்டும்."

பிறகு வாயைத் திறந்தாள். கிண்ணத்தில் இன்னும் பாதி இருந்தது. அவர் ஊட்டி முடித்தார்.