தகரத்துக்கடியில ஒளிச்ச ஒயின்

வெளிநாட்டுல வேல பாக்குற எம்மக, எனக்குன்னு ரெண்டு பாட்டில் ஒயின் கொண்டாந்து குடுத்துச்சுங்க. சனம் என்ன பேசுமோன்னு தகரக்கொட்டாய்ப் பரண்ல, கடலக்காய் மூட்டைக்குப் பொறவால நிக்க வெச்சேன். எங்கப்பன் எருமப்பட்டியில பலகை வாங்கியாந்து அடிச்ச பரணுங்க, அது கெடக்கட்டும். சித்திர வெயில்ல ஒரு பாட்டிலு தக்கையத் தள்ளிக்கிட்டு, கீழ உக்காந்திருந்த சம்பந்தியோட வெள்ளச்சட்டையில செவசெவன்னு ஊத்திருச்சு. "ஐயோ, ரத்தம்!"னு அலறிட்டாரு.

வாசத்துலயே எம்பொண்டாட்டி கண்டுபுடிச்சுட்டா. "ஏனுங்க, இந்த வயசுல உங்களுக்கு இது கேக்குதா?"

"எம்புள்ள ஆசையாக் குடுத்தது. ஒளிச்சு வெச்சதுதான் தப்பு"ன்னேன்.

சூடு படாம, படுக்க வெக்கோணும்னு மக போன்ல சொல்லுச்சு. இப்ப மிச்ச பாட்டிலு இருட்டு ரூம்புல, தண்ணிப்பானைக்குப் பக்கத்துல ஈரமணல்ல படுத்திருக்குதுங்க. ஊட்டுக்கு வாரவங்க பாத்தாப் பாக்கட்டும். மேல ஒரு துண்டுகூடப் போத்த மாட்டேன்.