ஹைட்ரோவை அடக்கிய ஸ்டெல்லாக்கா

இதைப் படிக்கிற யாரும் நம்ப மாட்டீர்கள் என்று சகல மரியாதையுடனும் உறுதி கூறித் தொடங்குகிறேன். செவ்வாய்க்கிழமை காலை ஸ்டெல்லாக்காவின் மகள் மேரி போன் செய்து, "மாமா, அம்மா போய்ட்டாங்க" என்றாள். நானே நம்பவில்லை. பிறகு அவள் அழுதாள்.

மந்தைவெளி லாண்டரியில் என்னோடு வேலை பார்த்த பட்டினப்பாக்கத்து ஸ்டெல்லாக்காவை உங்களில் சிலருக்குத் தெரியும். நான் மேனேஜர் என்ற மாபெரும் பதவியில் மின்விசிறிக்குக் கீழே வீற்றிருந்தேன். அவர் ஹைட்ரோவை ஓட்டினார். துவைத்த துணியைச் சுழற்றித் தண்ணீரை உதறித் தள்ளும் இரும்புத் தொட்டி அது. முழு வேகத்துக்குப் போகும் வழியில் ஒரு குறிப்பிட்ட வேகம் வரும். அப்போது தொட்டியைத் தாங்கும் தண்டு பேயாட்டம் ஆடும். தாண்டிவிட்டால் பூனைபோல் அடங்கிவிடும். அந்த ஆட்டத்தில் அடுத்த தெரு மாமி வீட்டுப் பால் குண்டானில் வெண்ணெய் திரண்டதையும், அடையாறு வரை கடிகாரங்கள் பின்னோக்கி ஓடியதையும் நான் கண்ணால் கண்டவன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் ஆட்டத்தைப் பார்த்து வெலவெலத்துச் சுவிட்சை அணைத்துவிட்டேன். அது அடங்கத் தொடங்கியிருந்த நேரம். வேகம் குறைந்து இறங்கும்போது மறுபடி அதே இடத்துக்கு வந்து, முன்னைவிட அதிக நேரம் ஆடியது. ஸ்டெல்லாக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "இன்னா நைனா, தாண்டுன பொறவு ஆஃப் பண்ணிட்டியே. எறங்கறப்பவும் அதே வழியாத்தான வரணும்?" என்றார். அந்த வாரம் முழுக்க எனக்கு 'ஆஃப் நைனா' என்று பெயர்.

பிறகு முதலாளி வேகத்தைக் கட்டுப்படுத்தும் புதுப் பெட்டி ஒன்றை வாங்கி மாட்டினார். மெஷினுக்கு நோகக் கூடாது என்று, வேகம் மெல்ல மெல்ல ஏறும்படி அமைத்துக் கொடுத்தார்கள். அதுவரை சில நொடிகளில் கடந்துபோன ஆட்டம் இப்போது நின்று நிதானமாகக் கச்சேரி செய்தது. இரண்டு போல்ட்டுகள் உடைந்தன. துணியைச் சமமாகப் போடத் தெரியவில்லை என்று பழி ஸ்டெல்லாக்கா மேல் விழுந்தது. இன்னொரு போல்ட் உடைந்தால் அவர் வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். மேரி அப்போது நர்ஸிங் இரண்டாம் ஆண்டு. வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை.

அன்று மதியம் அவர் என் மேஜைக்கு வந்தார். பெட்டியில் ஏறும் நேரம் நாற்பது நொடி என்று இருப்பதை எட்டாக்கச் சொன்னார். வேகமாக ஏற்றினால் மொத்தமும் பிய்த்துக்கொண்டு போகாதா என்றேன்.

"அல ஒடையற எடத்துல படக மெதுவா வுட்டா இன்னா ஆவும்? கவுத்துடும். அங்க மட்டும் வேகமா தாண்டிக்கினு பூடணும். இதுவும் அதான்."

"உடைஞ்சா?"

"ஒடஞ்சா நான் மீன் விக்கப் போறேன். நீ இன்னா விப்ப?"

ஒவ்வொரு தண்டுக்கும் ஆகாத ஒரு வேகம் உண்டு என்றும், அங்கே தங்கினால் ஒவ்வொரு சுற்றும் முந்தைய ஆட்டத்தின் மேல் ஏறிக்கொள்ளும் என்றும், சட்டென்று கடந்தால் ஆட்டம் சேர நேரமே கிடைக்காது என்றும் ஒரு பொறியாளர் பிற்பாடு எனக்கு விளக்கினார். அன்று எனக்கு அலை மட்டும்தான் புரிந்தது. மோட்டார் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொண்டு எட்டாக மாற்றினேன்.

தி. நகர் கல்யாண மண்டபத்து மேஜை விரிப்புகள் உள்ளே போயின. முதலாளி கதவருகே வந்து நின்றார். நான் சுவிட்சைப் போட்டேன். தொட்டி முனகியது, ஒருமுறை உலுக்கியது. அவ்வளவுதான். பிறகு வெறும் ரீங்காரம்.

"இன்னைக்குதான் துணிய ஒழுங்கா போட்டிருக்கீங்க" என்றார் முதலாளி. ஸ்டெல்லாக்கா எப்போதும் போட்டதுபோலத்தான் போட்டிருந்தார். "ஆமா சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டையைப் பிரித்தார். அதன்பின் ஓய்வுபெறும்வரை ஒரு போல்ட்கூட உடையவில்லை.

அந்த நேரத்தில் அவர் மலைபோல் அசையாமல் நின்று கொட்டாவி விட்டார் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வந்திருக்கிறேன். அது அளப்பு. இவ்வளவு அளந்தவன் ஒரு சின்ன உண்மையை ஒப்புக்கொள்கிறேன். தொட்டி உலுக்கியபோது அவர் என் சட்டைக் கையைத் தையல் விட்டுப்போகும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தார். நிறுத்து என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதைத்தான்.