ஸ்டேஷன் மேஜைமேல் ஒரு சாக்ஸபோன்

சிங்காநல்லூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கும் வேலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சர்ச் பாடகர் குழுவோடு சாக்ஸபோன் வாசிப்பேன். யாராவது கூப்பிட்டால் கல்யாண வரவேற்புக்கும் போவேன். அப்பாவும் அம்மாவும் சூலூர்ப் பக்கம் தோட்ட வேலைக்குப் போனவர்கள். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் எந்த வாத்தியத்தையும் தொட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்து கொஞ்சம் காலூன்றிய பிறகு, விமானப்படை பேண்டில் வாசித்து ஓய்வுபெற்ற ஒருவரிடமிருந்து அதைப் பழையதாக வாங்கினேன். மெருகெல்லாம் போயிருந்தது. ஆனால் ஊதினால் குரல் கனிந்து வரும்.

வீட்டில் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன். அதற்கு இடம் வேண்டுமென்று என் புடவைகளில் பாதி கொடிக்குப் போய்விட்டன. "ஊட்டுக்குத் திருடன் வந்தா நகை டப்பா சமையல்கட்டுல, பீப்பி பீரோவுல. பாவம், அவன் குழம்பிருவான்" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அவர் ஒரு பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டுகிறார்.

வீட்டுக்குள் இத்தனை காவல் வைத்தவள், பஸ்ஸில் தொலைத்தேன்.

காங்கேயத்தில் ஒரு கல்யாணத்துக்கு வாசித்துவிட்டு மத்தியானப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். பெட்டி மேலே வைக்கிற இடத்தில் நுழையவில்லை. கண்டக்டர் கடைசி சீட்டுக்கு அடியில் தள்ளிவிடச் சொன்னார். எனக்கு முன்பக்கம் இடம் கிடைத்தது. கல்யாணச் சாப்பாடு, ஜன்னல் காற்று, அப்படியே கண் சொருகிவிட்டது. பல்லடத்தில் கூட்டம் இறங்கியது அரைத் தூக்கத்தில் காதில் விழுந்தது. சூலூர் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது சீட்டுக்கு அடியில் யாரோ விட்டுப்போன தண்ணீர் பாட்டில் மட்டும் உருண்டுகொண்டிருந்தது.

கண்டக்டர் விசில் அடித்துப் பஸ்ஸை ஓரம் கட்டவைத்தார். ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து பார்த்தார்.

"பெட்டிக்குள்ள என்னங்க அம்மணி வெச்சிருந்தீங்க? நகை கிகை ஏதாச்சுங்களா?"

"சாக்ஸபோனுங்க."

அவருக்கு உடனே புரியவில்லை. ஊதுகிற வாத்தியம் என்று கையால் காட்டினேன். பக்கத்து சீட்டிலிருந்த ஒரு அம்மா, "நகை இல்லையல்லோ, விடு கண்ணு" என்று என் முதுகைத் தடவினார். ஆறுதலாகத்தான் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு என்னோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தார். எஸ்.ஐ. ஒரு பெண். பொறுமையாகத்தான் கேட்டார். பில் இருக்கிறதா? இல்லை. மேலே நம்பர் ஏதாவது வெட்டியிருக்குமா? இருக்கும். என்ன நம்பர்? தெரியாது. தினமும் துணியால் துடைத்து வைத்தவள், அதன் முதுகில் இருந்த எண்ணை ஒரு தடவைகூடப் படித்ததில்லை. விற்றவருக்குப் போன் போட்டேன். அவருக்கும் நினைவில்லை. கடைசியில், ஏதோ கல்யாணத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கும் ஒரு போட்டோவைக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அதன்பிறகு நான் போகாத பழைய சாமான் கடை இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் உக்கடம் பக்கம் போய்விடுவேன். மிக்ஸிக்கும் டேபிள் ஃபேனுக்கும் நடுவில் பித்தளை மின்னினால் ஆட்களை விலக்கிக்கொண்டு ஓடுவேன். கிட்டப் போனால் குத்துவிளக்காக இருக்கும். பாடகர் குழுவில் என் இடத்தில் கீபோர்டு வாசித்துச் சமாளித்தார்கள். நான் பெண்களோடு நின்று பாடினேன். கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

இரண்டு மாதம் போலக் கழித்து ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். பஸ்ஸில் திருடும் ஒருவனைப் பிடித்திருக்கிறார்கள், அவனிடம் ஒரு சாக்ஸபோன் இருந்தது, வந்து பாருங்கள் என்றார்கள். லேபில் சொல்லிவிட்டு ஓடினேன்.

அங்கே எனக்கு முன்பே ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். தொண்டாமுத்தூர்க்காரர், பேண்டு செட்டில் வாசிப்பவர். அவருடையதும் பஸ்ஸில்தான் போயிருந்தது. எஸ்.ஐ. மேஜைமேல் செய்தித்தாள் விரித்து அதை எடுத்து வைத்தார்.

வாசலிலிருந்தே தெரிந்துவிட்டது, அது என்னுடையது இல்லை. நிறம் வேறு. அடிவளைவில் என்னுடையதில் இல்லாத ஒரு நசுங்கல். அந்த நேரத்தில் பெஞ்சிலிருந்தவர் எழுந்து, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, தொடாமல் நின்றார்.

"எம்படதுங்க" என்றார்.

எஸ்.ஐ. அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவருகிட்டயும் பில் இல்ல, நம்பர் இல்ல. நீங்க நல்லாப் பாருங்க மேடம். தொடைச்சா உங்களோடதா இருக்கப்போகுது."

பேண்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். வெற்றிலைக் கறை பிடித்த சட்டையும் ரப்பர் செருப்புமாக நின்ற அவரைவிட, ஆஸ்பத்திரி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்த என்னை நம்புவது அவர்களுக்கு எளிதாக இருந்தது. எனக்கு அது பொறுக்கவில்லை.

"என்னோடது இல்லைங்க மேடம். பாத்தவொடனே தெரிஞ்சுருச்சு. அண்ணா, இதுல உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச அடையாளம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

அவர் யோசித்தார். பிறகு, தான் எட்டிப் பார்த்ததாக யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதுபோலச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். "கீழ பெரிய மூடி ஒண்ணு இருக்குதல்லங்க, அது வந்து முட்டற எடத்துல ரப்பரு விழுந்துபோச்சுங்க. எம்பட செருப்பு வாரை வெட்டி ஒட்டிப்போட்டேன். நீலக் கலருங்க."

எஸ்.ஐ. கருவியைப் புரட்டினார். நீல ரப்பர் துண்டு அங்கே இருந்தது.

"சரி, வாசிக்கத் தெரியுமில்ல? கொஞ்சம் வாசிங்க பாக்கலாம்" என்றார். குரல் இளகியிருந்தது.

வாய் வைக்கிற இடத்தில் சத்தம் எழுப்பும் ரீடு என்ற நாணல் பட்டை இல்லை. அது இல்லாமல் ஊத முடியாது. என் கைப்பையில் ஒரு ரீடு கிடந்தது. வாசிக்க ஒன்றும் இல்லாத இரண்டு மாதமும் அதை எடுத்துப்போட எனக்கு மனம் வரவில்லை. கொடுத்தேன். அவர் நாக்கால் ஈரப்படுத்திப் பொருத்தி ஊதினார். முதல் சுரம் பிசிறியது. இரண்டாவது ஊதலில் சரியாக எழுந்து அறை முழுக்க நிறைந்தது. புகார் எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவை வைத்துவிட்டார்.

கொஞ்சம் வாசித்துவிட்டு நிறுத்தி, வாய் பட்ட இடத்தைத் துண்டால் துடைத்து என்னிடம் நீட்டினார். "நீங்களும் ஒரு வாட்டி ஊதுங்க அம்மணி. எத்தன நாளாச்சுங்களோ."

எங்கள் சர்ச்சில் வழக்கமாக ஆரம்பிக்கும் பாட்டில் இரண்டு வரி வாசித்தேன். அதற்குமேல் மூச்சு நிற்கவில்லை.

கோர்ட் மூலமாகத்தான் அது அவர் கைக்கு வரும் என்றார்கள். கோர்ட்டில் அதைக் கொடுத்த அன்றைக்கு நானும் போய், எனக்கு அதில் உரிமை இல்லை என்று சொன்னேன். வெளியே வந்ததும் அவர் டீக்கடையில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டு, இறக்கவே இல்லை. டீயை ஒரு கையாலேயே குடித்தார்.

என்னுடையது கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் வேறொன்று வாங்கப் போனபோது அவரையும் கூட்டிப்போனேன். கடையில் நான்கைந்தை மாறி மாறி ஊதிப் பார்த்தோம். ஒன்றில் இருவருக்கும் மனம் ஒத்தது. கடைக்காரர் பில் போடுவதற்குள் அவர் அதைத் திருப்பிப் பிடித்து, கட்டைவிரல் வைக்கும் இடத்துக்குக் கீழே இருந்த எண்ணைக் காட்டினார்.

"போட்டோ எடுங்க. உங்க போன்ல ஒண்ணு, எம்போன்ல ஒண்ணு. நாளைக்கு உங்க போனே தொலைஞ்சாலும் எங்கிட்ட இருக்குமல்லங்க."

அவருடைய கருவியின் எண்ணும் நீல ரப்பரும் என் போனில் இருக்கின்றன. முகூர்த்த மாதங்களில் அடிக்கடி பேசிக்கொள்வோம். போன் எடுத்தவுடன் முதலில் குடும்பத்தை விசாரிப்பதில்லை.

"உங்களுது பத்திரமுங்களா?" என்பார்.

"மடியில இருக்குதுங்கண்ணா. உங்களுது?"

அதன்பிறகுதான் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள், சாப்பிட்டாயிற்றா எல்லாம்.