தொட்டிக்கு வெளியே தொங்கிய வேர்கள்

தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்த மருமகள், என் பட்டாம்பூச்சி ஆர்கிட்டின் தொட்டிக்கு வெளியே தொங்கிய வேர்களையெல்லாம் கத்தரித்துவிட்டாள். காற்றிலிருக்கும் ஈரத்தை அந்த வேர்கள்தான் குடிக்கும்.

இன்று காலை செடியைத் தூக்கிக்கொண்டு செமோர் ஊரிலிருக்கும் செடிக்கடைக்கு ஓடினேன்.

"இலையெல்லாம் தொவண்டு போச்சு அங்கிள். புதுசு ஒன்னு வாங்கிக்கிங்க லா," என்றாள் கடைக்காரப் பெண்.

"ஒங்க வீட்டுல யாருக்காச்சும் முடியலன்னா புது ஆளா வாங்குவீங்க?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

மருமகளோ, "அசிங்கமா தொங்குச்சு மாமா, அதான் வெட்டுனேன்," என்கிறாள். மகனும் அவள் பக்கம்.

மிஞ்சியது ஒரே வேர். அதை ஈரப்பாசியில் சுற்றி, நிழலில் வைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தக் குழுவில் இப்படிப் போன செடியைப் பிழைக்க வைத்தவர்கள் உடனே வழி சொல்லுங்கள். பதிலுக்கு அழுகிற முகப் பொம்மை மட்டும் போடுகிறவர்கள் தள்ளி நில்லுங்கள். அழ எனக்கே நன்றாகத் தெரியும்.