செங்கொடி கேட்ட பூட்டு

செங்கொடியிடம் "சாப்ட்டியா" என்று கேட்டால், "இன்னாத்துக்குக் கேக்குறே?" என்று திருப்பிக் கேட்பாள். அப்படிப்பட்டவளை மணலியில் ஒரு ரசாயன ஆலையின் கண்காணிப்பு அறையில் உட்காரவைத்தது, ஆலைக்கே தெரியாமல் ஆலை செய்த நல்ல காரியம். வீடு ஆலையை ஒட்டிய சடையங்குப்பம். காற்று அந்தப் பக்கம் திரும்பினால் ஆலையின் வாயு நேராகப் போவது அவள் மகள் மகிழினியின் நெஞ்சுக்குத்தான்.

வாயு அளவு ஐந்தைத் தாண்டினால் அறையில் மணி அடிக்கும். அந்த ஐந்து ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் இருந்தது. நோட்பேடில் திறந்து யார் வேண்டுமானாலும் மாற்றலாம். ஷிப்டுக்கு வந்ததும், பையைக்கூடக் கீழே வைக்காமல், ஃபைலைத் திறந்து ஐந்தைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள்.

ஒருநாள் அங்கே எட்டு இருந்தது. அதற்கு மேலே ஹேஷ் குறி (#) போட்டு ஒரு வரி: "சென்சார் டெஸ்ட். 5 இருந்துச்சு, 8 ஆக்கினேன். சாயந்தரம் மாத்திடுவேன். அசோகன்." ஹேஷ் போட்ட வரியைக் கணினி கண்டுகொள்ளாது. அடுத்த ஷிப்டு ஆளுக்காக அப்படி எழுதிவைப்பது அந்த அறையின் வழக்கம்.

முந்தின ஷிப்டு அசோகனைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு வேணா மாத்தலாம்னா, அப்பால இன்னாத்துக்கு இந்த மணி?"

"மாத்தினது உன் கண்ணுல பட்டுச்சா இல்லியா? ஃபைலு தொறந்து கீறதாலதான்க்கா பட்டுச்சு."

பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. அதனாலேயே அவள் நம்பவில்லை. அந்த ஃபைலை யாரும் தொடாதபடி பூட்ட வேண்டும் என்று அதிகாரி ரெஜியிடம் எழுதிக் கொடுத்தாள். குடிதண்ணீர்க் குழாய் கேட்டால் வருஷக்கணக்கில் இழுத்தடிக்கும் ஆலை, பத்தே நாளில் புது மென்பொருளைக் கொண்டுவந்தது. அளவுகள் எல்லாம் பாஸ்வேர்டுக்குப் பின்னால் போயின. பார்ப்பதற்குக்கூட அது வேண்டும்; அது ரெஜியிடம் மட்டும்.

முன்பெல்லாம் வாரத்துக்கு இரண்டு முறையாவது மணி அடிக்கும். புது மென்பொருள் வந்தபின் ஒரு மாதம் மணி வாயே திறக்கவில்லை. மணி அடிக்காத மாதம் என்று ஆலையில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார்கள். அன்று காலையில்தான் மகிழினி இருமி இருமி வாந்தி எடுத்திருந்தாள். செங்கொடி லட்டைத் தொடாமல் ரெஜியின் அறைக்குப் போனாள்.

"சார், அந்த அஞ்சு அஞ்சாவே கீதா? ஒருவாட்டி பாத்துட்டுப் போயிடுறேன்."

ரெஜி கோபப்படவில்லை. டிராயரைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"யாரும் தொடக் கூடாதுன்னு நீங்கதானேம்மா கேட்டீங்க?"

கீழே அவள் கையெழுத்து இருந்தது, தேதியோடு.