கொஞ்சம் தாழ்ந்த தோடு

பெரியவளின் இடது காதில் தோடு எப்போதும் கொஞ்சம் தாழ்ந்துதான் நிற்கும். வலது காதுத் துளைக்கும் இடது காதுத் துளைக்கும் ஒரு நெல் அளவு வித்தியாசம். தலை பின்னி நேராக நின்றால் தெரியும், சிரித்தால் தெரியாது. சென்ற வாரம் நகைக்கடையில் தோடு போட்டுப் பார்க்கும்போது கடைக்காரப் பெண் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். "இந்த ஓட்டைய அடச்சிட்டு மேல புதுசா குத்திக்கலாம்மா, இப்பல்லாம் சின்ன வேலதான்" என்றாள். பெரியவள் கண்ணாடியைப் பார்த்தபடியே, "எந்தக் கண்ணு தெரியாத பத்தருப்பா எனக்குக் காது குத்தினாரு?" என்று கேட்டாள். சின்னவன் விழுந்து விழுந்து சிரித்தான். பத்தர் மேல் ஒரு தப்பும் இல்லை, பிள்ளைகளே. அன்று நடந்ததை வாயால் சொல்ல வரவில்லை என்பதால் எழுதுகிறேன். நான் ஒன்பதாவது வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், விஷயத்தில் பிழை இல்லை.

நீங்கள் அறிந்த மாமா திருப்பூரில் ஒரு மில்லில் வாட்ச்மேன். போனில் பேசினால் காற்று மட்டும் வருவதுபோல் ஒரு குரல். நான் அறிந்த உங்கள் மாமா, ஒரே தொண்டையில் இரண்டு ஆட்களை வைத்திருந்தவர். இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, நாங்கள் இருவரும் விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஒரே பீங்கான் யூனிட்டில் வேலை செய்தோம். அச்சுகளில் மண் குழம்பு ஊற்றுவது என் வேலை. அவர் சூளை அடுக்குகிறவர். வேக வைக்க வேண்டிய ஜாடிகளையும் பொம்மைகளையும் சூளைக்குள் வரிசையாக வைப்பது சும்மா இல்லை. ஒன்றோடு ஒன்று தொட்டால் ஒட்டிக்கொள்ளும், இடைவெளி அதிகம் விட்டால் முதலாளிக்கு நட்டம். உங்கள் மாமா இரண்டு சாமான்களுக்கு நடுவில் ஒரு தீக்குச்சி அகலம்தான் விடுவார். அந்தக் கை யூனிட்டில் வேறு யாருக்கும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் பாட்டுக்குப் போவோம். ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஒருவர் கீபோர்டு வாசிப்பார். நான் டோலக். மாமா பாட்டு. பேர்கூட வைக்காத குழு. பெண் பாடகியை அழைத்து வர எங்களுக்கு வசதியும் இல்லை, எங்களோடு வர யாரும் இல்லை. அதனால் ஜோடிப் பாட்டில் இரண்டு குரலையும் மாமாவே பாடுவார். ஆண் வரி வரும்போது வலது பக்கம் திரும்புவார், பெண் வரி வரும்போது இடது பக்கம் திரும்புவார். கண்ணை மூடிக் கேட்டால் மேடையில் ஒரு புருஷனும் பெண்சாதியும் நிற்கிறார்கள் என்றே நினைப்பீர்கள். பெரியவளைத் தூங்க வைப்பதற்கும் இதேதான். தொட்டில் முன்னால் உட்கார்ந்து இந்தப் பக்கம் ஒரு வரி, அந்தப் பக்கம் ஒரு வரி. ஒரு வயதுக் குழந்தை, அவர் முகம் போகும் பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டே தூங்கிப்போகும்.

தொட்டில் போட்ட அன்றைக்கு மாமா வரவில்லை. சூளை பற்ற வைத்த நாள், விட்டுவிட்டு வர முடியவில்லை. உங்கள் அம்மா அதை மறக்கவே இல்லை. காது குத்த நாள் குறித்ததும் அண்ணனைக் கூப்பிட்டு நேராகச் சொல்லிவிட்டாள். "அண்ணே, தாய்மாமன் மடியிலதான் குத்தணும், ஒனக்கே தெரியும். இதுக்கும் நீ வரலைன்னா அண்ணன்னு சொல்லிக்கிட்டு இந்த வூட்டுப் படி ஏறாத." மாமா சிரித்துக்கொண்டு, "தோடே நான்தாம்மா வாங்கிக்கிட்டு வரேன், தோடு இல்லாம குத்திடுவியா?" என்றார். வாங்கியும் வந்தார். சிவப்புக் காகிதத்தில் மடித்த இரண்டு சின்னத் தோடுகள்.

ஞாயிற்றுக்கிழமை, மணவாளநல்லூர் கோவிலில், மதியம் நடை சாத்துவதற்குள் என்று முடிவாயிற்று. அதே ஞாயிறு காலையில்தான் வேப்பூரில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா. எங்கள் யூனிட் மேனேஜரின் பங்காளி வீட்டு விசேஷம். மேனேஜரே கூப்பிட்டுச் சொன்னபோது முடியாது என்று சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை. எட்டு மணிக்கு ஆரம்பித்தால் ஒன்பதுக்குப் பெண்ணின் தாய்மாமன் வந்து சீர் செய்துவிடுவார், ஒன்பதரைக்கு எங்களுக்கு வேலை முடிந்துவிடும், பத்தரைக்கெல்லாம் கோவிலில் இருப்போம் என்று கணக்குப் போட்டோம். தோடு பத்திரமாக இருக்கட்டும் என்று மாமா சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

மண்டபத்தில் நாங்கள் மேடை ஏறியபோது சீர்த்தட்டுகளை வைக்க ஆள் இல்லாமல் பெண்கள் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். பூ, பழம், வளையல், மஞ்சள், பலகாரம் என்று எழுபது எண்பது தாம்பாளங்கள். மாமாவுக்குக் கை சும்மா இருக்காது. "குடுங்கக்கா, நான் வச்சித் தரேன்" என்று வாங்கி வாங்கி மேடையைச் சுற்றி அடுக்க ஆரம்பித்தார். சூளையில் உள்ளிருந்து வெளியே அடுக்கிக்கொண்டு வருவார், கடைசியில் வாசல் வழியாக வெளியே வந்துவிடுவார். அன்று நாங்கள் மேடை மேல் நின்றிருந்ததால் வெளி ஓரத்தில் தொடங்கி உள்ளே வந்துவிட்டார். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி அகலம். நாலு வரிசை. படிக்கட்டு இருந்த பக்கத்தையும் சேர்த்து அடைத்தாயிற்று. பின்னால் சுவர். நாங்கள் உள்ளே மாட்டிக்கொண்டது அப்போது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. "என்னா நேர்த்தி!" என்று ஒரு அம்மா மெச்சிவிட்டு, "மாமன் வந்து மொதத் தட்டத் தொடற வரைக்கும் எதையும் நவுத்தக் கூடாதுப்பா. தாண்டவும் கூடாது, ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒன்பது மணி ஆயிற்று. அந்த மாமன் வரவில்லை. பத்திரிகையில் அவர் பெயரைச் சித்தப்பா பெயருக்குக் கீழே அச்சடித்துவிட்டார்களாம். அதில் கோபித்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார், பேசிச் சமாதானம் செய்ய ஆள் போயிருக்கிறது. இதை விழாக்காரர் மேடை ஓரம் வந்து, தட்டுகளுக்கு அந்தப் பக்கம் நின்று, கையைக் கூப்பிக்கொண்டு சொன்னார். "பாட்டு மட்டும் நிக்கக் கூடாதுங்க தம்பி. பாட்டு ஓடிக்கிட்டு இருந்தா சனங்க அதப் பாப்பாங்க. நின்னுச்சுன்னா மாமன் எங்கன்னு கேக்க ஆரம்பிச்சிடுவாங்க."

எங்களிடம் இருந்தது பதினெட்டுப் பாட்டு. பத்து மணிக்குள் பதினெட்டும் தீர்ந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "ஏம்ப்பா, இத இப்பத்தான பாடின?" என்றார். மாமா மைக்கிலேயே, "அது ஆம்பள பாடினதுங்க தாத்தா, இது பொம்பள பாடறது" என்று சொல்லிவிட்டு முழுப் பாட்டையும் பெண் குரலில் பாடினார். சனங்கள் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் அப்போது இனித்தது. அதுவே எங்களுக்குப் பூட்டாகவும் ஆயிற்று. அதன் பிறகு எல்லாரும் பெண் குரலையே கேட்டார்கள், துண்டுச் சீட்டு அனுப்பினார்கள். கீபோர்டுக்காரர் காலையில் இரண்டு டம்ளர் டீ குடித்தவர். கால் மேல் கால் போட்டு நெளிந்துகொண்டே வாசித்தார். "அண்ணே, நானு தட்டத் தாண்டிடுவேன் போல இருக்குதுண்ணே" என்று என் காதில் முனகினார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். சுற்றிலும் பழமும் பூவும்தான். ஆனால் சூளைக்குள் வைத்துக் கதவைச் செங்கல்லால் அடைத்த மாதிரி ஒரு புழுக்கம்.

குழுவுக்கே ஒரு செல்போன், அது கீபோர்டுக்காரருடையது. பத்தரைக்கு ஒரு முறை அடித்தது. பதினொன்றேகாலுக்கு இரண்டாம் முறை அடித்தபோது ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் குனிந்து எடுத்தேன். உங்கள் அம்மாதான், கோவில் கடை போனிலிருந்து. "என்னங்க, எங்க இருக்கீங்க? பத்தரு வந்து ஒரு மணி நேரமா குந்திக்கிட்டு இருக்காரு. எங்க அண்ணன் வருமா வராதா? அத மட்டும் சொல்லுங்க." வந்துவிடுவோம் என்றேன்.

பாட்டு முடிந்ததும் மாமாவிடம் சொன்னேன். அவர் மைக்கை ஸ்டாண்டில் மாட்டினார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு மேடை விளிம்புக்குப் போனார். தாண்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். மண்டபம் அமைதியாயிற்று. விழாக்காரர் சொன்னது அப்படியே நடந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "மாமன் வரலியா இன்னும்?" இன்னொரு குரல், "இனிமே எங்க வரப் போறான்? அந்தப் பொண்ணு ராசி அப்படி." மேடைக்குக் கீழே எதிரில், சடங்குக்குப் போட்ட மணைப் பலகைக்குப் பின்னால் நாற்காலியில் அந்தப் பெண் இருந்தாள். பதிமூன்று வயது இருக்கும். தூக்க முடியாத பட்டுப்புடவை, இடுப்பு வரை பூ ஜடை, காலையிலிருந்து எழுந்திருக்க விடவில்லை. அந்தப் பேச்சு அவள் காதில் விழுந்ததை நான் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டாள். தோளில் இருந்து ஒரு பூச்சரம் நழுவியது, அதை எடுத்துவிட அவளுக்குக் கை எழவில்லை.

மாமா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி என்னிடம் வந்தார். சிவப்புக் காகிதப் பொட்டலத்தை என் கையில் வைத்தார்.

"மச்சான், நீ போ. டோலக் இல்லாட்டியும் கீபோர்டுல தாளம் ஓட விட்டுக்கறோம். என் மடிதான் இல்ல, தோடாவது நேரத்துக்குப் போய்ச் சேரட்டும். புள்ளயோட அப்பன் நீயாவது அங்க இரு."

"தட்டத் தாண்டக் கூடாதே மச்சான்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பொட்டலத்தை வாங்கித் திரும்பவும் பையில் போட்டுக்கொண்டு மைக்கை எடுத்தார்.

இதைத்தான் இருபது வருடமாக உங்கள் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. போக வழி இல்லை என்றே சொல்லி வைத்திருக்கிறேன். வழி இருந்தது. நாலு தட்டை நகர்த்தினால் வழி. எனக்குச் சாஸ்திர பயம் ஒன்றும் கிடையாது. முன் வரிசையில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். அவர் பார்வைக்கு முன்னால் மேடையை விட்டு இறங்க எனக்குத் தைரியம் இல்லை. தட்டுகள் எனக்கு வசதியான சாக்கு. மாமா அந்தப் பெண்ணுக்காக நின்றார். நான் எனக்காக உட்கார்ந்திருந்தேன். பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோல்தான் தெரிந்திருக்கும்.

அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் அவர் பெண் குரலிலேயே பாடினார். கடைசிப் பாட்டுகளில் மேல் ஸ்தாயி கீறல் விழுந்து வந்தது. நிறுத்தவில்லை. பன்னிரண்டரைக்கு வாசலில் வேன் சத்தம் கேட்டது, மேளம் கேட்டது. மாமன் வந்துவிட்டார். மண்டபமே எழுந்து வாசலுக்கு ஓடியது. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். எங்களை யாரும் பார்க்கவில்லை. அந்த மாமன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து முதல் தட்டைத் தூக்கப் பார்த்தார், விரல் நுழையவில்லை. "யார்ரா இவ்ளோ நெருக்கி வச்சது? சிமென்ட்டு போட்டுப் பூசினாப்ல!" என்றார். மாமா வாயைத் திறந்தார். குரல் வரவில்லை.

விழாக்காரர் சாப்பிடச் சொல்லிக் கையைப் பிடித்ததை உதறிவிட்டு பஸ் பிடித்தோம். வழி நெடுக மாமா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தார். கோவிலுக்குப் போய்ச் சேரும்போது மணி இரண்டு நெருங்கிவிட்டது. நடை சாத்தியிருந்தது. சொந்தக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள். வாசல் படியில் அம்மா மட்டும், மடியில் பெரியவள். பத்தர் ஒரு ஓரமாகத் துண்டு விரித்துப் படுத்திருந்தார். அவரைப் போக விடாமல் பிடித்து வைத்திருந்தாள் அம்மா. எங்களைப் பார்த்ததும் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் படியில் உட்கார்ந்ததும் குழந்தையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். அவ்வளவுதான். அந்த வைப்பில் எல்லாம் இருந்தது.

வலது காது சுலபமாக முடிந்தது. வலியில் பெரியவள் வீறிட்டு அழுதாள், இடது காதைக் காட்டவே இல்லை. "பாட்டுப் பாடுண்ணே, அப்பத்தான் அடங்குவா" என்றாள் அம்மா. அதுதான் அன்று அவள் அண்ணனிடம் பேசிய முதல் பேச்சு. மாமா பாடினார். வாய் அசைந்தது, தொண்டை நரம்பு புடைத்தது, சத்தம் வரவில்லை, வெறும் காற்று. ஆனாலும் ஆண் வரிக்கு வலது பக்கம் திரும்பினார். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்தது. பத்தர் ஊசியை வைத்தார். பெண் வரி வந்தது, மாமா பழக்கத்தில் இடது பக்கம் திரும்பினார். குழந்தையும் அவரோடு திரும்பிற்று. ஊசி ஒரு நெல் அளவு கீழே இறங்கிவிட்டது.

பேச்சுக் குரல் இரண்டு வாரத்தில் ஒருவாறு திரும்பியது. பெண் குரல் திரும்பவே இல்லை. யூனிட் தூசியா, அன்றைய பாட்டா, தெரியாது. கீபோர்டுக்காரரை இப்போதும் டீக்கடையில் பார்ப்பேன். அவர் ஸ்ரீமுஷ்ணம் திருவிழாவில் கரண்டு போன பிறகும் சனம் கலையாமல் நின்ற கச்சேரியைச் சொல்வார், அதுதான் தன் வாழ்நாள் கச்சேரி என்பார். நான் தலையாட்டுவேன். என்னுடையது எது என்று அவர் கேட்பதில்லை, அவருக்கும் தெரியும்.

துளையை அடைத்து மேலே குத்திக்கொள்வது பெரியவளின் விருப்பம், அது அவள் காது. அடுத்த மாதம் மாமா வருகிறார். அவர் இருக்கும்போது கடைக்குப் போகலாம் என்றால் போகலாம். அதற்கு முன் ஒரு முறை, பெரியவளே, நீ அவர் எதிரில் உட்கார்ந்து, அந்த இடது காதை அவரிடம் காட்டு. அவர் பார்க்கட்டும். அந்த நேரத்தில் நான் உள்ளே போய் உங்கள் அம்மாவிடம் அந்த நாலு தட்டைப் பற்றிச் சொல்லிவிட்டு வருகிறேன்.